ஆற்று வண்டலிலும் கடலடிச் சேற்றிலும் உள்ள ஈஸ்டுகள், அவை தரும் நொதிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுண்ணுயிரியல் படிக்க வரும் மாணவர்களும், வேறு துறையிலிருந்து இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சிலவற்றுக்குக் கொஞ்சம் விரிவாகப் பேசத்தான் வேண்டும்.

ஈஸ்ட் என்றால் ரொட்டி மாவில் சேர்ப்பதுதானே? அது சேற்றில் என்ன செய்கிறது?

ரொட்டிக்குப் பயன்படுவது சாக்கரோமைசிஸ் செரவிசியே என்ற ஒரே ஒரு சிற்றினம். ஈஸ்ட் என்பதோ ஒற்றைச் செல்லாக வாழப் பழகிய பூஞ்சைகள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். இதுவரை விவரிக்கப்பட்டவை மட்டும் 1,500-க்கு மேல். ஆஸ்கோமைகோட்டா, பெசிடியோமைகோட்டா என்ற பூஞ்சைகளின் இரண்டு பெரும் பிரிவுகளிலும் ஈஸ்டுகள் உண்டு. உருவம் ஒன்றுபோல் இருப்பதால் எல்லாம் நெருங்கிய உறவினர் என்று நினைத்துவிடக் கூடாது.

சேற்றில் சாக்கரோமைசிஸ் அரிதாகத்தான் அகப்படும். அடிக்கடி கிடைப்பவை கேண்டிடா, டெபரியோமைசிஸ், பிக்கியா, யாரோவியா, மெட்ச்னிகோவியா, சிவப்பு நிற ரோடோடொருலா, கருப்பு ஈஸ்ட் என்று அழைக்கப்படும் ஆரியோபாசிடியம் புல்லுலன்ஸ் ஆகியவை. கடலில் ஈஸ்ட் இருப்பது புதிய செய்தியும் அல்ல. பெர்ன்ஹார்ட் ஃபிஷர் 1894-லேயே அட்லாண்டிக் கடல்நீரிலிருந்து ஈஸ்டுகளைப் பிரித்தெடுத்துவிட்டார்.

தண்ணீரில் தேடாமல் ஏன் அடிமண்ணைத் தோண்டுகிறார்கள்?

சாப்பாடு அங்கேதான் இருக்கிறது என்பதால். கரையிலிருந்து வெகுதூரம் தள்ளிய நடுக்கடலில் ஒரு லிட்டர் நீருக்குச் சில ஈஸ்ட் செல்கள் கிடைத்தாலே பெரிது. கரையோரத்திலும் கழிமுகத்திலும் எண்ணிக்கை பல மடங்கு ஏறும். அடியில் படிந்த மண்ணிலும் சேற்றிலும், அதாவது படிவில், கணக்கே வேறு. அங்கே லிட்டருக்கு எத்தனை என்று கேட்பதில்லை, ஒரு கிராமுக்கு எத்தனை என்றுதான் கேட்கிறோம்.

உதிர்ந்த இலை, இறந்த மிதவை உயிரிகள், இறால் நண்டின் ஓடு, மீன் கழிவு, சாக்கடையில் வந்த கொழுப்பு என எல்லாம் கடைசியில் அடியில் போய்ப் படிகின்றன. இவற்றில் பெரும்பகுதி செல்லுலோஸ், ஸ்டார்ச், கைட்டின், புரதம், கொழுப்பு போன்ற பெரிய மூலக்கூறுகள். ஈஸ்டுக்கு வாய் கிடையாது, செல்சுவர் வழியாகச் சிறிய மூலக்கூறுகள்தான் உள்ளே போக முடியும். அதனால் நொதிகளை வெளியே சுரந்து, அங்கேயே உடைத்து, உடைந்ததை உறிஞ்சிக்கொள்கிறது. தொழிலுக்கு நொதி தேடுகிறவர்களுக்கு இந்த வெளிச்சுரப்பு பெரிய வசதி. செல்லை உடைக்க வேண்டாம், வளர்ப்பு நீரை வடிகட்டினாலே நொதி கையில் வந்துவிடும்.

மணலைவிடக் களிமண் கலந்த சேற்றில் கரிமப் பொருள் அதிகம். ஆனால் சேற்றில் ஆக்சிஜன் சில மில்லிமீட்டர் அல்லது சில சென்டிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே தீர்ந்துபோகும். பெரும்பாலான ஈஸ்டுகள் ஆக்சிஜனை நம்பி வாழ்பவை. ஆக்சிஜன் இல்லாமல் நொதித்தல் நடத்தத் தெரிந்தவைகூட, செல்சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டெராலைத் தயாரிக்கக் கொஞ்சமாவது ஆக்சிஜனை எதிர்பார்க்கும். ஆகவே மேல்படலத்தில்தான் உயிரோட்டம். ஆழத்தில் கிடைப்பதைப் பார்த்தவுடன் அங்கே அது செழித்து வாழ்கிறது என்று எழுதிவிட வேண்டாம்.

அப்படியானால் அவை உண்மையில் அங்கே வாழ்பவையா, அடித்து வரப்பட்டவையா?

இந்தத் துறையில் கேட்க வேண்டிய மிக நல்ல கேள்வி இது. பல கட்டுரைகள் இதைத் தொடாமலேயே போய்விடுகின்றன.

ஆறு என்பது நிலத்தைக் கழுவி வருவது. மழைக்குப் பிறகு எடுத்த வண்டலில் இலைப்பரப்பு ஈஸ்டும் மண் ஈஸ்டும் மனிதக் குடல் ஈஸ்டும் கலந்தே இருக்கும். கடலிலும் பெரும்பாலான சிற்றினங்கள் நிலத்திலும் காணப்படுபவையே. டெபரியோமைசிஸ் ஹான்செனி கடலில் கிடைக்கும், பாலாடைக்கட்டியிலும் கிடைக்கும். ரோடோடொருலா மியூசிலாஜினோசாவை எங்கே தேடினாலும் கிடைக்கும், குளியலறைத் திரையில்கூட. வடமேற்குப் பசிபிக்கின் ஆழ்கடல் படிவுகளிலிருந்தும் சிவப்பு ஈஸ்டுகளை ஜப்பானிய ஆய்வாளர்கள் பிரித்திருக்கிறார்கள். வெயிலிலிருந்து காக்கும் என்று சொல்லப்படும் கரோட்டினாய்டு நிறமியை, வெளிச்சமே எட்டாத ஆழத்தில் வைத்துக்கொண்டு அது என்ன செய்கிறது என்பது எனக்கு மிகப் பிடித்த புதிர்களில் ஒன்று. ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தாங்க அந்த நிறமி உதவுகிறது என்பது ஒரு பொருத்தமான விளக்கம்.

மறுபக்கம், நீர்வாழ் உயிரிகளோடு ஒட்டியே வாழும் ஈஸ்டுகளும் உண்டு. மெட்ச்னிகோவியா பைகஸ்பிடேட்டா, டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளின் ஒட்டுண்ணி. எலி மெட்ச்னிகாஃப் 1884-இல் அந்தத் தெள்ளுக்குள் நடந்த சண்டையைப் பார்த்துத்தான் விழுங்கு செல்களைப் பற்றிய தன் கருத்தை வலுப்படுத்தினார்.

ஆகவே ஆய்வகத்தின் வளர்ப்புத் தட்டில் ஓர் ஈஸ்ட் வளர்ந்தது என்பதற்கு, அது உயிரோடு இருந்தது என்பது மட்டுமே பொருள். அங்கே வேலை செய்துகொண்டிருந்ததா, வெறுமனே தூங்கிக்கொண்டிருந்ததா என்பதைத் தட்டு சொல்லாது. அதை அறிய வேண்டுமானால் பருவம் மாறி மாறி மாதிரி எடுக்க வேண்டும், அந்த இடத்தின் வெப்பநிலையிலும் உப்பிலும் அது வளர்கிறதா என்று பார்க்க வேண்டும், முடிந்தால் எந்த மரபணுக்கள் அங்கே இயங்குகின்றன என்று படிவிலிருந்தே ஆர்என்ஏ எடுத்துப் பார்க்க வேண்டும்.

என்னென்ன நொதிகள் கிடைக்கின்றன?

லிப்பேஸ் முதலிடம். கொழுப்பை உடைப்பது இதன் இயல்பான வேலை. நீர் குறைந்த சூழலில் அதே நொதி தலைகீழாக வேலை செய்து எஸ்டர்களைக் கட்டவும் செய்யும். யாரோவியா லிப்போலிட்டிகா இதில் பெயர் பெற்றது. கூடவே கார நிலையில் வேலை செய்யும் புரோட்டியேஸ் ஒன்றையும் தாராளமாகச் சுரக்கும்.

ஆரியோபாசிடியம் புல்லுலன்ஸ் ஒரு பல்பொருள் கடை. வெவ்வேறு வகைகளிலிருந்து அமைலேஸ் (ஸ்டார்ச்சை உடைப்பது), புரோட்டியேஸ் (புரதத்தை உடைப்பது), லிப்பேஸ், சைலனேஸ் (செடியின் செல்சுவரில் உள்ள சைலனை உடைப்பது), செல்லுலேஸ் எல்லாம் கிடைத்திருக்கின்றன. எல்லா வகையும் எல்லாவற்றையும் தருவதில்லை. ஒரே சிற்றினத்தின் இரண்டு வகைகளுக்கு நடுவே பத்து மடங்கு வித்தியாசம் இருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

இனுலினேஸ் என்ற நொதி, சிக்கரி போன்ற செடிகளின் கிழங்கிலும் வேரிலும் சேமிக்கப்படும் இனுலினை உடைத்து ஃபிரக்டோஸ் தரும். குளூவெரோமைசிஸ் மார்க்ஸியானஸ் இதற்குப் பழைய கை. கடல் ஈஸ்டுகளில் இந்த நொதியையும் ஃபைட்டேஸையும் தேடி நிறைய வேலை செய்தவர்கள் சீனாவின் சிங்டாவ் கடற்கரை ஆய்வாளர்கள். ஃபைட்டேஸின் கதை கொஞ்சம் வேறு. தானியத்தில் உள்ள பாஸ்பரஸின் பெரும்பகுதி ஃபைட்டேட் வடிவில் பூட்டிக் கிடக்கிறது. கோழிக்கும் பன்றிக்கும் மீனுக்கும் அதைத் திறக்கும் திறன் மிகக் குறைவு. தீவனத்தில் ஃபைட்டேஸ் சேர்த்தால் பாஸ்பரஸ் உடம்பில் சேரும், கழிவோடு நீர்நிலைக்குப் போய்ப் பாசியை வளர்க்காது.

பெக்டின், கைட்டின், டானின் ஆகியவற்றை உடைக்கும் பெக்டினேஸ், கைட்டினேஸ், டானேஸ் எல்லாம் உண்டு. படிக உருவில் உள்ள உண்மையான செல்லுலோஸை உடைப்பதில் மட்டும் ஈஸ்டுகள் இழைப் பூஞ்சைகளோடு போட்டி போட முடியாது. யாராவது போட முடியும் என்று சொன்னால் எதை வைத்துச் சோதித்தார்கள் என்று கேளுங்கள்.

படிவிலிருந்து வந்த ஈஸ்டின் நொதி ஏதாவது உண்மையிலேயே தொழிலுக்குப் போயிருக்கிறதா?

போயிருக்கிறது, அதுவும் மிகப் பெரிய அளவில். அண்டார்க்டிகாவின் ரைட் பள்ளத்தாக்கில் வாண்டா என்றொரு ஏரி. அதன் படிவிலிருந்து 1960-களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் பிரித்தெடுத்த ஈஸ்டுக்கு கேண்டிடா அண்டார்க்டிகா என்று பெயர் வந்தது. அது இரண்டு லிப்பேஸ்களைத் தருகிறது, ஏ என்றும் பி என்றும். பி வகை 317 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய புரதம், எடை ஏறத்தாழ 33 கிலோடால்டன். அதன் முப்பரிமாண அமைப்பு 1994-இல் வெளியானது. அக்ரிலிக் பிசின் மணிகளில் பதித்து நோவோசைம் 435 என்ற பெயரில் விற்கப்படும் வடிவம், கரிம வேதியியல் ஆய்வகங்களில் மிக அதிகம் புழங்கும் நொதிகளில் ஒன்று. ஆடிப் பிம்பமாக இருக்கும் இரண்டு மூலக்கூறுகளில் ஒன்றை மட்டும் தேர்ந்து மாற்றுவதால் மருந்து இடைப்பொருள்கள் செய்யவும், எஸ்டர்கள் செய்யவும், பாலியெஸ்டர் கட்டவும் பயன்படுகிறது.

இதில் இரண்டு விஷயங்கள் எல்லோருக்கும் இடிக்கும். அண்டார்க்டிகாவிலிருந்து வந்தது என்றால் குளிரில் வேலை செய்து சூட்டில் கெட்டுப்போகும் என்றுதானே எதிர்பார்ப்போம்? பி வகையைப் பிசினில் பதித்து 60 டிகிரி செல்சியஸில் சாதாரணமாக ஓட்டுகிறார்கள். ஏ வகை 90 டிகிரியிலும் தாக்குப்பிடிக்கும். அப்புறம் அந்த ஏரியே ஒரு விநோதம். மேலே சில மீட்டர் தடிமனுக்கு நிரந்தரப் பனிக்கட்டி, அடியில் கடலைவிடப் பல மடங்கு உப்பான நீர் சுமார் 25 டிகிரியில். பனிக்கட்டி வழியாகப் புகும் வெயிலின் சூட்டை அடர்ந்த உப்புநீர் அடியிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. அண்டார்க்டிகா என்ற முகவரி வெப்பநிலையைக்கூடச் சரியாகச் சொல்லவில்லை. நொதியின் குணத்தை அது எப்படிச் சொல்லும்?

இரண்டாவது, ஆலையில் அந்த ஈஸ்ட் இல்லை. அதன் மரபணுவை ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சைக்குள் வைத்துத்தான் நொதியைப் பெருக்குகிறார்கள். சேற்றிலிருந்து வரும் ஈஸ்ட் பெரும்பாலும் மரபணுவைக் கொடுப்பதோடு சரி. அது ஒன்றும் குறைவான பங்கு அல்ல.

உப்பு நீரில் வாழும் ஈஸ்டின் நொதி உப்பைத் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது, சோதித்துத்தான் பார்க்க வேண்டும். கடல்நீரின் உப்பு சுமார் 3.5 சதவீதம். டெபரியோமைசிஸ் ஹான்செனி அதைப்போல ஆறேழு மடங்கு உப்பிலும் வளரும். உள்ளே கிளிசராலைச் சேர்த்து வைத்து, நீர் வெளியே இழுக்கப்படாமல் சமாளிக்கிறது. அது செல்லின் சாமர்த்தியம். செல்லுக்குள் இருக்கும் நொதிக்கு வெளியிலுள்ள அளவு உப்பு தெரியாது. வெளியே சுரக்கப்படும் நொதிதான் உப்போடு நேராக மோதுகிறது, அதில் உப்புத் தாங்கும் குணத்தை எதிர்பார்ப்பதில் அர்த்தம் உண்டு. ஆனாலும் எதிர்பார்ப்பு வேறு, அளவீடு வேறு.

குளிருக்கும் இதே பதில். ஆழ்கடலின் 2 முதல் 4 டிகிரியில் வாழ்பவற்றில் குளிரில் சுறுசுறுப்பாக இயங்கும் நொதிகள் நிறையக் கிடைத்திருக்கின்றன, குளிர்நீர்ச் சலவைத்தூளுக்கு அவை பயன்படும். ஆனால் வாண்டாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாதிரியை எப்படி எடுப்பது?

ஆழம் குறைவான இடத்தில் கிருமி நீக்கிய பிளாஸ்டிக் குழாயைச் செங்குத்தாக இறக்கி எடுக்கலாம். ஆழமான இடத்தில் படகிலிருந்து வான் வீன் கவ்வியோ (அடிமண்ணை வாய்போல் கவ்வி எடுக்கும் உலோகக் கருவி) துளைக்குழாயோ இறக்க வேண்டும். கவ்வியின் உலோகத்தைத் தொட்ட பகுதியை விட்டுவிட்டு, நடுவிலிருந்து கிருமி நீக்கிய கரண்டியால் எடுங்கள். மேலே வரும்போது நீர் கலந்துவிடும் என்பதால் அந்த இடத்தின் நீரையும் தனியாக எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. பனிக்கட்டிப் பெட்டியில் வையுங்கள், உறைய விடாதீர்கள். அதே நாளில் வளர்ப்புக்குப் போட்டுவிட்டால் உத்தமம். ஆழம், வெப்பநிலை, உப்பளவு, அமிலகார அளவு ஆகியவற்றை அங்கேயே குறித்துக்கொள்ளாமல் வீட்டுக்கு வந்து யோசித்து எழுதிய மாதிரிக்கு மதிப்பில்லை.

தட்டு முழுக்க பாக்டீரியாவும் பூஞ்சணமும்தான் வருகிறது. ஈஸ்ட் எங்கே?

ஒரு கிராம் படிவில் பாக்டீரியா கோடிக்கணக்கில் இருக்கும், ஈஸ்ட் நூறுகளிலோ ஆயிரங்களிலோதான். ஊடகத்தில் (தட்டில் ஊற்றும் ஊட்டக் கலவையில்) பாக்டீரியாவைத் தடுக்கும் குளோராம்பெனிக்கால் மருந்தைச் சேருங்கள், அமிலகார அளவை 4.5-க்குப் பக்கத்தில் இறக்குங்கள். பூஞ்சணம் பரவுவதை ரோஸ் பெங்கால், டைகுளோரான் இரண்டும் கட்டுப்படுத்தும். ரோஸ் பெங்கால் வெளிச்சம் பட்டால் நச்சாக மாறும், தட்டுகளை இருட்டில் வையுங்கள். கடல் மாதிரிக்கு ஊடகத்தைக் கடல்நீரிலேயே தயாரிப்பது வழக்கம். வெப்பநிலை 20 முதல் 25 டிகிரி, ஒரு வாரம். குளிர் விரும்பிகளைத் தேடினால் 4 முதல் 15 டிகிரியில் பல வாரம் பொறுத்திருக்க வேண்டும். 37 டிகிரியில் வைத்துவிட்டு எதுவும் வரவில்லை என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

தட்டில் ஈஸ்ட் காலனியைச் சுற்றி வளையம் வந்தால் நொதி இருக்கிறது என்று அர்த்தமா?

இருக்கலாம். எந்தத் தட்டு என்பதைப் பொறுத்தது.

ஸ்டார்ச் தட்டில் அயோடின் ஊற்றினால் நீலக் கருமைக்கு நடுவே வெளிறிய வளையம் வந்தால் அமைலேஸ், இது பெரும்பாலும் ஏமாற்றாது. கொழுப்பு நீக்கிய பால் தட்டில் தெளிந்த வளையம் புரோட்டியேஸைக் காட்டும். அமிலம் சுரக்கும் ஈஸ்டு பாலைத் திரித்துக் குழப்பக்கூடும் என்பதால் ஊடகத்தின் அமிலகார அளவைக் கட்டுக்குள் வையுங்கள்.

லிப்பேஸில்தான் அதிகத் தவறு நடக்கிறது. டிரைபியூட்டிரின் ஒரு குட்டிக் கொழுப்பு, அதைச் சாதாரண எஸ்டரேஸும் உடைத்துவிடும். ட்வீன் 80 தட்டில் கால்சியம் உப்பு வெள்ளையாகப் படிவதும் அப்படியே. நீண்ட சங்கிலிக் கொழுப்பை உடைக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் ஆலிவ் எண்ணெயும் ரோடமின் பி சாயமும் சேர்த்த தட்டைப் புற ஊதா ஒளியில் பாருங்கள், ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தால் நம்பலாம்.

ஃபைட்டேட் தட்டு இன்னும் மோசம். கால்சியம் ஃபைட்டேட் அமிலத்திலேயே கரையும், ஆகவே அமிலம் சுரக்கும் எந்த ஈஸ்டும் அழகான வளையம் தந்துவிடும். கோபால்ட் குளோரைடு கரைசலும் பிறகு மாலிப்டேட் கரைசலும் ஊற்றிப் பார்த்தால் பொய் வளையம் மறைந்துவிடும். செல்லுலேஸுக்குக் காங்கோ ரெட் போடும் தட்டில் இருப்பது கரையும்படி மாற்றப்பட்ட செல்லுலோஸ். அதை உடைப்பது எண்டோகுளூக்கனேஸின் வேலை, மரத்தையோ வடிதாளையோ உடைக்கும் என்பதற்கு அது சாட்சி அல்ல.

வளையத்தின் விட்டத்தைக் காலனியின் விட்டத்தால் வகுத்து வரும் எண்ணை வைத்துத் தரவரிசை போடுவதும் பழக்கம். எதை அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் செல்வது என்று முடிவு செய்ய அது போதும், அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. மெதுவாக வளரும் சின்னக் காலனிக்கு அந்த எண் தானாகவே பெரிதாகிவிடும்.

தட்டில் பெரிய வளையம் தந்த ஈஸ்ட், குடுவையில் திரவ ஊடகத்தில் வளர்த்தபோது ஒன்றுமே தரவில்லை. ஏன்?

முதல் சந்தேகம் குளூக்கோஸ்மேல். சுலபமான உணவு இருக்கும்போது கடினமான உணவை உடைக்கும் நொதியை ஈஸ்ட் சுரக்காது. குளூக்கோஸை எடுத்துவிட்டு எண்ணெயோ ஸ்டார்ச்சோ இனுலினோ கொடுத்துப் பாருங்கள். இரண்டாவது, சில நொதிகள் வெளியே போகாமல் செல்சுவரிலேயே தங்கிவிடும், வடிநீரில் தேடினால் கிடைக்காது. மூன்றாவது, அதே ஈஸ்டு சுரக்கும் புரோட்டியேஸ் நீங்கள் தேடும் நொதியைத் தின்றுவிடலாம். ஐந்தாம் நாள் மட்டும் அளந்தால் இரண்டாம் நாள் உச்சியைத் தவறவிட்டிருப்பீர்கள். காற்றோட்டமும் அமிலகார அளவும் கடைசிச் சந்தேகங்கள்.

அளக்கும்போது ஒரு யூனிட் என்பது நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமோல் விளைபொருள். எந்த வெப்பநிலையில், எந்த அடிப்பொருளில் என்பதைச் சொல்லாமல் யூனிட் எண்ணை மட்டும் கொடுத்தால் யாரும் ஒப்பிட முடியாது.

பெயர் எப்படிக் கண்டுபிடிப்பது? பெயர்கள் ஏன் மாறிக்கொண்டே இருக்கின்றன?

டிஎன்ஏ வரிசையைப் படித்துத்தான். படிப்பது பெரிய ரைபோசோம் ஆர்என்ஏ மரபணுவின் டி1/டி2 பகுதி, ஏறத்தாழ 600 எழுத்துகள். கூடவே ரைபோசோம் மரபணுக்களுக்கு இடையே உள்ள ஐடிஎஸ் பகுதி. டி1/டி2-வில் ஒரு சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் பெரும்பாலும் வேறு சிற்றினம் என்பது 1998-இல் கர்ட்ஸ்மனும் ராப்னெட்டும் தந்த அளவுகோல். விதிவிலக்குகள் உண்டு.

ஒரே பூஞ்சைக்குப் பாலினப் பருவத்துக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று என்று இரண்டு பெயர் வைக்கும் பழக்கம் 2011-இல் முடிவுக்கு வந்தது. டிஎன்ஏ வழி உறவுகளும் தெளிவானதால் பழைய பெயர்கள் சரிந்தன. கேண்டிடா அண்டார்க்டிகா பிறகு சூடோசைமா ஆகி, இப்போது மோசியோமைசிஸ் அண்டார்க்டிகஸ். பழைய கட்டுரைகளில் தேடும்போது மூன்று பெயரையும் போட்டுத் தேடுங்கள்.

எண்ணெய்க் கசிவையும் பிளாஸ்டிக்கையும் இவை தின்றுவிடுமா?

எண்ணெயின் ஒரு பகுதியை, ஆம். யாரோவியா நேர்ச்சங்கிலி ஆல்கேன்களை உணவாக்கிக்கொள்ளும். 1960-களிலும் 70-களிலும் பிரிட்டிஷ் பெட்ரோலியம் நிறுவனம் பெட்ரோலியப் பொருள்களில் ஈஸ்ட் வளர்த்துக் கால்நடைத் தீவனப் புரதமே செய்தது. எண்ணெய் விலை ஏறியதும் அது படுத்துவிட்டது. கடலில் பரந்து கிடக்கும் கச்சா எண்ணெய் வேறு கதை. நைட்ரஜனும் பாஸ்பரஸும் போதாது, அலை வேறு, பாக்டீரியாவின் பங்கும் பெரிது.

பிளாஸ்டிக்கில் எந்தப் பிளாஸ்டிக் என்று கேட்க வேண்டும். மோசியோமைசிஸ் அண்டார்க்டிகஸ் சுரக்கும் ஒரு எஸ்டரேஸ், வயல் மூடாக்குக்குப் பயன்படும் மக்கும் பாலியெஸ்டர் படலங்களை நன்றாகவே உடைக்கிறது. பாலித்தீன் பையை அது உடைக்கும் என்று இதை நீட்டக் கூடாது.

இவற்றால் நோய் வருமா?

பெரும்பாலானவை ஆரோக்கியமானவர்களை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் கழிவுநீர் கலந்த ஆற்றில் கேண்டிடா அல்பிகன்ஸ் போன்றவை சகஜம். ரோடோடொருலாகூட எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களின் ரத்தத்தில் தொற்றியிருக்கிறது. 2009-இல் ஜப்பானில் முதலில் விவரிக்கப்பட்டு, மருத்துவமனைகளை அலைக்கழித்துவரும் கேண்டிடா ஆரிஸை, அந்தமான் தீவுகளின் உப்புச் சதுப்பிலும் கடற்கரை மணலிலும் கண்டதாக 2021-இல் செய்தி வந்தது. அடையாளம் தெரியும்வரை ஒவ்வொரு காலனியையும் சந்தேகத்தோடு கையாளுங்கள். 37 டிகிரியில் வளர்கிறதா என்று பார்ப்பது மலிவான முதல் சோதனை.

வேறொரு நாட்டின் ஆற்றிலிருந்தோ நடுக்கடலிலிருந்தோ எடுத்து வரலாமா?

அனுமதி இல்லாமல் கூடாது. 2010-இல் ஏற்கப்பட்டு 2014-இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறை என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின்படி, மரபணு வளத்தைப் பயன்படுத்துபவர் வளத்துக்குரிய நாட்டின் ஒப்புதலைப் பெற்று, பயனையும் பகிர வேண்டும். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடற்பரப்புக்கு 2023-இல் ஐக்கிய நாடுகள் சபையில் ஏற்கப்பட்ட ஒப்பந்தம் இருக்கிறது, அதில் கடல் மரபணு வளங்களுக்குத் தனிப் பகுதியே உண்டு. மாதிரி எடுப்பதற்கு முன்பே காகித வேலையை முடித்துவிடுங்கள். பிறகு காப்புரிமை கேட்கும்போது முதலில் வரும் கேள்வி அதுதான்.

நல்ல வகை ஒன்று கிடைத்துவிட்டது. எப்படிப் பத்திரப்படுத்துவது?

சாய்வு அகரில் 4 டிகிரியில் வைத்து மாதம் ஒருமுறை மாற்றி மாற்றி வளர்த்தால், நொதி சுரக்கும் திறன் மெல்லக் குறைய வாய்ப்பு உண்டு. வளமான ஊடகத்தில் சோம்பேறிச் செல்களே வேகமாகப் பெருகும். முதல் தூய வளர்ப்பு கிடைத்த அன்றே 15 முதல் 20 சதவீதக் கிளிசராலில் கலந்து, மைனஸ் 80 டிகிரியில் பல குப்பிகளாக வைத்துவிடுங்கள். ஒன்றிரண்டை உறைய வைத்து உலர்த்தியும் வையுங்கள். கட்டுரை எழுதப் போகிறீர்கள் என்றால் பொது வளர்ப்புச் சேகரிப்பு ஒன்றில் ஒப்படைத்து எண் வாங்குங்கள். எண் இல்லாத வகையைப் பற்றிய கட்டுரையைப் படித்து யாரும் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்து பார்க்க முடியாது.